கவாத்துக் கத்தரி வாங்குவது எப்படி? செட்டிநாட்டுத் தோட்டங்களுக்கு ஒரு வழிகாட்டி

திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போன சிவகங்கை மாவட்டத்தில் நின்றுகொண்டு, செடி வெட்ட ஒரு நல்ல கத்தரி எங்கே கிடைக்கும் என்று கேட்டால் நாலு பேர் சிரிக்கத்தான் செய்வார்கள். வேலிக்காத்தான் ஆனாலும் சரி, செம்பருத்தி ஆனாலும் சரி, அரிவாளால் ஒரே போடு. அதுதான் இங்கே பழக்கம்.

மரம் கழிக்க அரிவாளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் விரல் பருமனுள்ள பச்சைக் கிளையை அரிவாளால் தட்டிவிட்டுக் குனிந்து பாருங்கள். ஒரு பக்கம் வெட்டு சுத்தமாக இருக்கும். மறுபக்கம் பட்டை கிழிந்து நார் நாராகத் தொங்கும். அந்தக் கிழிசலுக்குள் ஐப்பசி மழைத் தண்ணீர் இறங்கும், பூஞ்சணம் பிடிக்கும், கிளை நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கருகிக்கொண்டே வரும். "நல்லாத்தான் வெட்டிவிட்டோம், ஏன் பட்டுப்போச்சு?" என்று பிறகு யோசிப்போம்.

அரிவாளை விட்டுக் கத்தரிக்கு மாறுகிற தயக்கம் நமக்கு மட்டும் உரியதல்ல. கவாத்துக் கத்தரி, அதாவது செடியின் கிளை கழிக்கும் கைக்கத்தரி, பிரான்சில், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. அங்கேயும் திராட்சைத் தோட்டக்காரர்கள் தங்கள் வளைகத்தியை அவ்வளவு சீக்கிரம் கீழே வைக்கவில்லை.

ஹார்டுவேர் கடையில் 'புரூனர்' என்றோ 'செக்கேச்சர்' என்றோ கேளுங்கள். 'செடி வெட்டுற கத்தரி' என்றால், வேலி மட்டம் தட்டும் நீளக் கத்தரியை எடுத்துப் போடுவார்கள். அது வேறு சாமான்.

எதைப் பார்த்து வாங்குவது என்று நிறையப் பேர் நிறையச் சொல்வார்கள்: எஃகு, பிராண்டு, கைப்பிடி, கோட்டிங். என் கணக்கில் முதல் கேள்வி ஒன்றுதான். இதைக் கழற்றி மாட்ட முடியுமா? அந்தக் கேள்விக்குப் போவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

கடைக்குப் போகுமுன் தோட்டத்தை ஒரு சுற்று

சட்டைப் பையில் ஒரு ரூபாய் நாணயம் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். இப்போது புழங்கும் சின்ன ஒரு ரூபாயின் குறுக்களவு 20 முதல் 22 மில்லிமீட்டர். நடுத்தர அளவுக் கத்தரியின் பெட்டியில் 'வெட்டும் திறன் 20 மி.மீ.' அல்லது '25 மி.மீ.' என்று போட்டிருக்கும். அது பச்சையான, மெதுவான கிளைக்குச் சொன்ன உச்ச அளவு. தினமும் கை வலிக்காமல் வெட்ட வேண்டுமென்றால் அதில் முக்கால்வாசியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். காய்ந்த கட்டை என்றால் பாதி. ஆக, நாணயத்தை வைத்துப் பார்க்கும்போது அதைவிடத் தெளிவாக ஒல்லியான கிளை கத்தரிக்கு. நாணயத்தை மூடும் கிளை மடக்கு ரம்பத்துக்கு, இல்லாவிட்டால் இரண்டு கையாலும் பிடித்து அழுத்தும் நீளப்பிடிக் கத்தரிக்கு. கடைக்காரர் அதை 'லாப்பர்' என்பார்.

இப்போது என்னென்ன செடி இருக்கிறது என்று பாருங்கள். நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் முகப்புச் சுவரை ஒட்டிக் காகிதப்பூ, செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி, இட்லிப்பூ. பின்கட்டைத் தாண்டினால் கறிவேப்பிலை, எலுமிச்சை, கொய்யா, முருங்கை, மருதாணி. காகிதப்பூவின் பழைய கொடி நல்ல வைரம் பாய்ந்தது, முள்ளும் நெருக்கம். அதற்குள் நுழைய முனை ஒடுங்கிய கத்தரி வேண்டும். எலுமிச்சைக்கும் அப்படியே. முருங்கைக் கிளையோ சோற்றுக்கட்டை. எதைக் கொண்டு வெட்டினாலும் வெட்டுப்படும், ஆனால் மொண்ணைக் கத்தரி அதை வெட்டாமல் நசுக்கிவிடும்.

எந்தக் கவாத்துக் கத்தரியையும் கொண்டு போகக் கூடாத இடங்கள்: வேலிக்காத்தான் அடித்தண்டு, தென்னை மட்டை, ஈச்ச மட்டை, வாழை. மட்டையின் நார் பிளேடுக்கும் அதற்கு எதிரே இருக்கும் வளைந்த கொக்கிக்கும் நடுவே புகுந்து இரண்டையும் விரித்துவிடும். ஒரு முறை விரிந்த வாய் பிறகு காகிதத்தைக்கூட மடிக்குமே தவிர வெட்டாது. கம்பியும் ஆகாது. சில கத்தரிகளில் வாயின் அடியில் மெல்லிய கம்பி வெட்ட ஒரு சிறு பள்ளம் இருக்கும், பந்தல் கட்டிய மெல்லிய கம்பிக்கு அது போதும். அந்தப் பள்ளம் இல்லாத கத்தரியால் கம்பியை வெட்டினால் பிளேடில் பல் விழும். மருதாணி வேலியை மட்டமாகத் தட்ட வேலிக் கத்தரிதான் லாயக்கு. கவாத்துக் கத்தரியால் ஒவ்வொரு நுனியாக வெட்டிக்கொண்டிருந்தால் பொழுது சாய்ந்துவிடும்.

பைபாஸா, ஆன்வில்லா?

கடையில் இரண்டு ஜாதி இருக்கும். பைபாஸ் என்பது சாதாரணக் கத்தரிக்கோல் மாதிரி, கூரான பிளேடு ஒரு வளைந்த கொக்கியை உரசிக்கொண்டு கடந்து போகும். ஆன்வில் என்பதில் நேரான பிளேடு வந்து ஒரு தட்டையான தகட்டின் மேல் உட்காரும், பலகையில் காயை வைத்துக் கத்தியால் நறுக்குவது போல.

பச்சைக் கிளைக்குப் பைபாஸ். காய்ந்த கட்டைக்கு ஆன்வில். இதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. ஆன்வில் பச்சைத் தண்டை அடித்தகட்டில் வைத்து நசுக்கும். நசுங்கிய திசு காயம் ஆற விடாது. முதல் கத்தரி பைபாஸாகவே இருக்கட்டும். வெயிலில் காய்ந்துபோன குச்சிகளைக் கழிக்கும் வேலை அதிகம் உள்ள பெரிய தோட்டம் என்றால், இரண்டாவதாக ஆன்வில் வாங்கலாம். அழுத்தத்தைப் பல தவணையாகப் பிரித்துக் கொடுக்கும் 'ராட்செட்' வகையும் உண்டு. பிடியில் வலு குறைந்தவர்களுக்கும் மூட்டுவலிக்காரர்களுக்கும் அது வரம். மற்றவர்களுக்கு, ஒரு கிளைக்கு மூன்று முறை அமுக்குவது சலிப்பு.

கைக்கு அடங்க வேண்டும்

கத்தரியை முழுக்கத் திறந்து உள்ளங்கையில் வையுங்கள். மேல் பிடி கட்டைவிரல் மேட்டில் உட்கார வேண்டும், கீழ்ப் பிடியை நாலு விரல்களும் சுற்றிப் பிடிக்க வேண்டும். சுண்டுவிரல் எட்டவில்லை என்றால் அது உங்கள் கத்தரி அல்ல. நடுத்தரக் கைக்கு 200 முதல் 215 மி.மீ. நீளம், சின்னக் கைக்கு 180 மி.மீ. பக்கம். எடை 200 முதல் 250 கிராம் வரை சரி.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் ஊர்த் தோட்டங்களில் தினக்கூலிக்கு வருகிறவர்களில் பெண்கள் நிறைய. கடையில் இருப்பதிலேயே பெரிய கத்தரியை வாங்கி அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, "அந்த அக்கா வேலை மெதுவு" என்று குறைபட்டுக்கொள்வதில் அர்த்தமில்லை. விரல் எட்டாத பிடியை நாள் முழுக்க அமுக்கினால் யாராக இருந்தாலும் மத்தியானத்துக்குள் மணிக்கட்டு விட்டுப்போகும்.

ஸ்பிரிங்கையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். விறைப்பான ஸ்பிரிங் நல்ல ஸ்பிரிங் என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு வெட்டுக்கும் நீங்கள் அதையும் சேர்த்துத்தான் அமுக்குகிறீர்கள். வெட்டி முடித்ததும் வாய் தானாகத் திறக்கிற அளவுக்கு இருந்தால் போதும்.

இடதுகைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வலதுகைக் கத்தரியை இடதுகையில் பிடித்தால் வெட்டுகிற கோடு கண்ணுக்குத் தெரியாமல் பிளேடு மறைக்கும், வாயை மூடிவைக்கும் லாக்கும் எட்டாது. இடதுகைக்கென்றே செய்தது உண்டு. கடையில் இல்லை என்பார்கள், ஆன்லைனில் வரவழைத்துக்கொள்ளுங்கள். அமுக்கும்போது கீழ்ப் பிடி விரல்களோடு சேர்ந்து சுழலும் மாதிரியும் உண்டு. பழக்கத்துக்கு வரக் கொஞ்ச நாள் பிடிக்கும். நாள் முழுக்க வெட்டுகிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும், வீட்டுத் தோட்டத்துக்கு அவசியமில்லை.

நட்டா, ரிவெட்டா?

இதுதான் நான் சொன்ன முதல் கேள்வி.

இரண்டு பிளேடுகளையும் சேர்த்துப் பிடிக்கிற நடு அச்சைப் பாருங்கள். இரண்டு பக்கமும் வழவழவென்று உருண்டையாகத் தட்டி அடித்திருந்தால் அது ரிவெட். கழற்ற முடியாது. ஒரு பக்கம் அறுகோண நட்டு இருந்து, அது தளராமல் இருக்கப் பக்கத்தில் பல் வெட்டிய சிறு தகடும் ஸ்குரூவும் இருந்தால் அது கழற்றி மாட்டும் வகை. நட்டின் மேல் பிளாஸ்டிக் மூடி போட்டு மறைத்திருப்பதும் உண்டு. அதை நகத்தால் நெம்பிப் பாருங்கள்.

ரிவெட் அடித்தது புதிதில் நன்றாகவே வெட்டும். பிரச்சினை பிறகுதான் வரும். செட்டிநாட்டுத் தோட்டங்களில் பாதி செம்மண், மீதி செம்புராங்கல் பொடி. செடியின் பால் பிளேடில் ஒட்டும், அந்தப் பாலில் இந்தப் பொடி ஒட்டும், இரண்டும் சேர்ந்து நடு அச்சுக்குள் போய் உட்காரும். ஒவ்வொரு வெட்டுக்கும் அந்தக் கலவை உப்புத்தாள் வேலையைச் செய்து அச்சுத் துளையைத் தேய்த்துப் பெரிதாக்கும். துளை பெரிதானால் பிளேடு ஆடும். ஆடும் பிளேடு கொக்கியை விட்டு விலகும். விலகினால் வெட்டாது, கிளையை மடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். நட்டு உள்ள கத்தரியில் இதற்கு மருந்து, ஸ்பேனரால் கால் திருகு முடுக்குவது. ரிவெட் கத்தரியில் மருந்து குப்பைத்தொட்டி.

கழற்ற முடிந்தால் உள்ளே சுத்தம் செய்யலாம், சாணை பிடிக்கலாம், பிளேடு தேய்ந்து போனால் பிளேடை மட்டும் மாற்றலாம். ஸ்பிரிங் தெறித்து இலைக்குப்பைக்குள் விழுந்து காணாமல் போவது இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம். பத்து நாளைக்கு ஒரு தரமாவது தோட்டக்காரர் யாராவது தரையைத் துழாவிக்கொண்டிருப்பார். ஆகவே கடைக்காரரிடம் கேட்கும் கேள்வி, "இது எவ்வளவு நாள் உழைக்கும்?" என்பதல்ல. "இதுக்கு ஸ்பிரிங் தனியா கிடைக்குமா? பிளேடு கிடைக்குமா?" என்பதுதான்.

எஃகு

பிளேடு ஹை கார்பன் ஸ்டீலா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று பெட்டியில் போட்டிருக்கும். ஜப்பானிய 'எஸ்கே5' என்று அச்சிட்டிருந்தால் அதுவும் ஹை கார்பன்தான். கார்பன் அதிகமுள்ள எஃகு கூர் நன்றாக நிற்கும், சாணைக்கு எளிதில் வசப்படும், ஆனால் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸில் குரோமியம் 10 சதவீதத்துக்கு மேல் சேர்ப்பதால் துரு எளிதில் அண்டாது. ஆனால் மலிவு விலை ஸ்டெயின்லெஸ் சீக்கிரம் மழுங்கும்.

துருவுக்குப் பயந்து ஸ்டெயின்லெஸுக்கு ஓட வேண்டியதில்லை. இரும்பு எப்படி அரிக்கிறது என்பதையே ஒரு துறையாக வைத்து ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் நம் காரைக்குடியில்தான் இருக்கிறது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் திறக்கப்பட்டது, அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில். ஆனால் கடற்காற்று அரிப்பைச் சோதிக்க அவர்கள் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மண்டபம் என்ற கடலோர ஊருக்குப் போனார்கள், ஏனென்றால் அந்த உப்பு இங்கே இல்லை. நம் பக்கத்து வறண்ட காற்றில் கத்தரி துருப்பிடிப்பது காற்றால் அல்ல, நம் சோம்பலால். ஈரப் பாலோடு திண்ணையில் வைத்துவிட்டுப் போவதும், குழாயடியில் கழுவித் துடைக்காமல் விடுவதும்தான் காரணம். வேலை முடிந்ததும் ஒரு துணியால் துடைக்கும் பழக்கம் இருந்தால் ஹை கார்பனையே வாங்குங்கள். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கடலோரத் தோட்டம் என்றால் ஸ்டெயின்லெஸ் யோசிக்கலாம். கறுப்பு டெஃப்லான் பூச்சு பால் ஒட்டாமல் தடுக்கும், முதல் சாணையில் விளிம்பில் போய்விடும். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

பிடி வார்ப்பா, தகடு மடித்ததா என்றும் பாருங்கள். தகரத்தை மடித்து மேலே ரப்பர் உறை போட்டிருந்தால், அந்த உறையைக் கையால் முறுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். கடையிலேயே சுற்றுகிற உறை, சித்திரை வெயிலில் வேர்த்த கையோடு வழுக்கிக் கழன்று வரும். அடித்துச் செய்த அலுமினியப் பிடி லேசு, வளையாது. பிடியின் நிறம் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இருக்கட்டும். பச்சைப் பிடியைத் தோட்டத்தில் தேடுகிற வேதனை இருக்கிறதே!

கடையில் செய்து பார்க்க வேண்டியவை

பெட்டியைப் பிரிக்காமல் வாங்காதீர்கள். போகும்போது வீட்டிலிருந்து ஒரு செம்பருத்திக் குச்சி, சுண்டுவிரல் பருமனில், ஈரத்துணி சுற்றி எடுத்துப் போங்கள். ஒரு பக்கம் செய்தித்தாளும் வேண்டும்.

முதலில் கடையின் டியூப்லைட்டுக்கு நேராகக் கத்தரியைப் பிடித்து மெதுவாக மூடுங்கள். பிளேடும் கொக்கியும் உரசும் இடத்தைப் பாருங்கள். அடியிலிருந்து நுனிவரை அந்த இடம் நகர்ந்துகொண்டே போக வேண்டும், நடுவில் வெளிச்சக் கீற்று தெரியக் கூடாது. அடுத்து ஒரு பிடியை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதைப் பக்கவாட்டில் தள்ளுங்கள். 'கடக் கடக்' என்று ஆடினால் கீழே வைத்துவிடுங்கள். நட்டு உள்ளது என்றால் மட்டும் கடைக்காரரிடம் ஒரு பேச்சுக் கொடுக்கலாம்.

"அண்ணே, நட்டைக் கொஞ்சம் முடுக்கிப் பாக்கலாமா?"

"கழட்டிப்புட்டு வேணாம்னுட்டா நான் என்ன பண்றது தம்பி?"

"கழட்டலைண்ணே. கால் திருகுதான்."

கால் திருகில் ஆட்டம் நின்று, வாயும் தடையில்லாமல் திறந்து மூடினால் நல்ல கத்தரி. ஆட்டம் நிற்கிற அளவு முடுக்கினால் வாய் இறுகிக்கொள்கிறது என்றால், துளையே சரியாக இல்லை என்று அர்த்தம்.

பிறகு செய்தித்தாள். ஒற்றைத் தாளை வாயின் அடியிலிருந்து நுனிவரை ஒரே அமுக்கில் வெட்டுங்கள். நுனியில் தாள் மடிந்து உள்ளே போகிறதா? போனால், அந்த நுனியால் இட்லிப்பூக் காம்பையோ ரோஜாக் காம்பையோ வெட்ட முடியாது.

கடைசியில் செம்பருத்திக் குச்சி. ஏன் செம்பருத்தி என்றால், அதன் பட்டையில் நார் அதிகம். சுமாரான கத்தரி கட்டையை வெட்டிவிடும், பட்டையை வெட்டாது. குச்சி இரண்டாகும், ஆனால் ஒரு நார்த் திரி இரண்டையும் பிடித்துக்கொண்டு தொங்கும், நீங்கள் இழுத்து அறுக்க வேண்டியிருக்கும். நல்ல கத்தரியில் துண்டு 'டப்'பென்று கீழே விழும். வெட்டுவாயை விரலால் தடவிப் பாருங்கள், வழவழவென்று ஈரமாக இருக்க வேண்டும், பிசிறு தட்டக் கூடாது. இந்த ஒரு சோதனையில் தோற்றதை, மற்ற எல்லாவற்றிலும் ஜெயித்தாலும் நான் வாங்க மாட்டேன்.

லாக்கை அதே கையின் கட்டைவிரலால் போட்டு எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். மற்றொரு கையில் எப்போதும் கிளை இருக்கும். வேகமாகப் பத்து தரம் அமுக்கிப் பாருங்கள். நடுவில் லாக் தானாக விழுந்தால் எரிச்சலில் தூக்கி எறிவீர்கள். பிடிகள் சேரும் இடத்தில் சின்ன ரப்பர் குஷன் இருந்தால், ஒவ்வொரு வெட்டின் அதிர்ச்சியும் மணிக்கட்டுக்குப் போகாது.

ஆன்லைனில் வாங்குவதானால் இதெல்லாம் முடியாது. அதனால் படத்தில் நடு அச்சைப் பெரிதாக்கிப் பார்த்து, நட்டு இருக்கிறதா, அதே மாடலுக்கு மாற்று பிளேடு தனியாக விற்கிறார்களா என்று தேடிவிட்டு, திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ளதையே வாங்குங்கள்.

எவ்வளவு செலவழிக்கலாம்?

காரைக்குடி, தேவகோட்டை ஹார்டுவேர் கடைகளில் சில நூறு ரூபாய்க்கு உள்நாட்டுத் தயாரிப்புகள் கிடைக்கும். லூதியானாவின் ஃபால்கன் தோட்டக் கருவிகளைத் தமிழ்நாட்டில் பல இடங்களிலும் பார்க்கலாம். மறுகோடியில் சுவிட்சர்லாந்தின் ஃபெல்கோ, 1945-இல் தொடங்கிய நிறுவனம். அவர்களுடைய '2' என்ற மாடல் சுமார் 240 கிராம், 25 மி.மீ. வரை வெட்டும். '6' சின்னக் கைக்கு, '9' இடதுகைக்கு. விலை ஆயிரங்களில். அந்த விலைக்கு என்ன விசேஷம் என்றால், அதன் ஒவ்வொரு உதிரியும், ஸ்குரூ வரைக்கும், தனித்தனியாக விலைக்குக் கிடைக்கும்.

வீட்டுத் தோட்டத்துக்கு அது தேவையா என்றால், தேவையில்லை. நட்டு உள்ள, செம்பருத்திச் சோதனையில் தேறிய ஒரு நடுத்தர விலைக் கத்தரி போதும். கானாடுகாத்தான் பக்கம் பழைய பங்களாக்களை விடுதியாக மாற்றியிருக்கிறார்களே, அங்கெல்லாம் தோட்டப் பராமரிப்பைக் காண்டிராக்ட் எடுக்கிறவர் என்றால் கணக்கு வேறு. நாள் முழுக்க வெட்டுகிற கை அது. வருஷத்துக்கு நாலு மலிவுக் கத்தரியைத் தூக்கிப் போடுவதைவிட, ஒன்றை வாங்கி பிளேடு மாற்றிக்கொண்டே ஓட்டுவது லாபம். ரம்பம், கத்தரி, மண்வெட்டி எல்லாம் சேர்த்து ஒரு பெட்டியில் போட்டு விற்கும் செட்டுகள் பக்கம் மட்டும் போகாதீர்கள். அதில் கத்தரிதான் கூட்டத்தோடு கோவிந்தா.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழைய பொருள் கடைகளில் சுற்றுகிறவர்களுக்கு ஒரு சபலம் வரும். செட்டியார்கள் கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போன காலத்தில் கப்பலேறி வந்த சாமான்களோடு பழைய கத்தரி ஏதாவது கண்ணில் படலாம், எஃகும் நன்றாகவே இருக்கலாம். ஆனால் அதற்கு ஸ்பிரிங் எங்கே தேடுவது? அலமாரியில் வைக்க வாங்குங்கள், முதல் கத்தரியாக வாங்காதீர்கள்.

வாங்கியாயிற்று. எப்படி வெட்டுவது?

பைபாஸ் கத்தரிக்கு மேல் பக்கம், கீழ்ப் பக்கம் என்று உண்டு. கூரான பிளேடு, மரத்தோடு இருக்கப் போகிற பகுதியை ஒட்டி இருக்க வேண்டும். கொக்கி, வெட்டி எறியப் போகிற துண்டின் பக்கம். கொக்கி அமுக்கும் இடத்தில் பட்டை கொஞ்சம் நசுங்கும், அந்த நசுங்கல் கீழே விழும் துண்டோடு போகட்டும். நிறையப் பேர் இதைத் தலைகீழாகப் பிடிப்பார்கள், பிறகு கத்தரியைத் திட்டுவார்கள்.

கிளையை நுனியில் கொடுக்காமல் வாயின் அடிவரை நுழைத்து வெட்டுங்கள், அங்கேதான் பலம். வெட்டுப்படவில்லை என்றால் கத்தரியை இடமும் வலமும் முறுக்காதீர்கள். முறுக்கினால் வாய் விரியும். ரம்பத்தை எடுங்கள்.

எங்கே வெட்டுவது? வெளிப்பக்கம் பார்த்த ஒரு துளிர் மொக்கைத் தேர்ந்தெடுத்து, அதற்கு அரை சென்டிமீட்டர் மேலே, மொக்குக்கு எதிர்ப்பக்கம் தண்ணீர் வடிகிற மாதிரி சாய்வாக. அடியோடு எடுக்க வேண்டிய கிளையை, அது தாய்க்கிளையில் சேரும் இடத்தில் இருக்கும் தடித்த வளையத்தை விட்டுவிட்டு வெட்டுங்கள். அந்த வளையத்திலிருந்துதான் காயம் மூடும். ஒட்டச் சீவினால் ஆறாது, நீளக் கட்டையாக விட்டாலும் பட்டுப்போகும்.

குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்வது வேளாண் துறையினர் சொல்லும் முறை. காகிதப்பூ புதுத் துளிரில்தான் பூக்கும் என்பதால், ஒவ்வொரு பூப்பு ஓய்ந்ததும் நுனியைக் கத்தரித்து விடலாம். சித்திரை, வைகாசியில் பெரிய கவாத்து எதையும் தொடாதீர்கள். நிழல் இழந்த பட்டை வெயிலில் வெந்துவிடும்.

அரளி வெட்டும்போது கையுறை போடுங்கள், அதன் எல்லாப் பாகமும் விஷம். வெட்டிய குச்சியை அடுப்பில் வைக்கவே கூடாது, புகையும் ஆகாது. எலுமிச்சையில் சொறி நோய் கண்ட கிளையை வெட்டினால், அடுத்த மரத்துக்குப் போகுமுன் 70 சதவீத ஆல்கஹாலில் துணியை நனைத்துப் பிளேடைத் துடையுங்கள். பிளீச்சிங் தண்ணீரும் கிருமியைக் கொல்லும், கூடவே எஃகையும் அரிக்கும்.

சாணையும் எண்ணெயும்

தினமும் செய்ய வேண்டியது ஒன்றே. பால் காய்வதற்குள் துடைப்பது. காய்ந்துவிட்டால் மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ தொட்ட துணியால் தேயுங்கள். எண்ணெய் போடத் தையல் மெஷின் எண்ணெய், நடு அச்சில் ஒரு சொட்டு, ஸ்பிரிங்கில் ஒரு சொட்டு. வீட்டில் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெய் விடாதீர்கள். நாளாக நாளாகப் பிசுக்கு ஏறி, செம்மண்ணை அதுவே வாவென்று கூப்பிடும்.

சாணை பிடிக்கும் விதத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், கெடுப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கெடுக்கிறார்கள். முதலில் ஸ்பிரிங்கை எடுத்து ஒரு கிண்ணத்தில் போடுங்கள். நட்டைக் கழற்றிப் பிளேடைத் தனியாக எடுங்கள், கழற்றிய வரிசையிலேயே உதிரிகளைத் துணியில் பரப்பி வையுங்கள், ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பிளேடைத் திருப்பிப் பாருங்கள். ஒரு முகம் முழுக்கத் தட்டை, மறுமுகத்தில் விளிம்பை ஒட்டிச் சாய்வான ஒரு பட்டை. சாணை அந்தச் சாய்வுக்கு மட்டும். கம்பெனி கொடுத்த கோணம் சுமார் 20 முதல் 25 டிகிரி. அளக்கத் தேவையில்லை, சாய்வின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, சின்ன டைமண்ட் அரத்தை அடியிலிருந்து நுனிக்கு, ஒரே திசையில், வளைவோடு சேர்த்துத் தள்ளுங்கள். மை முழுக்க ஒரே சீராக அழிந்தால் கோணம் சரி. விளிம்பில் மட்டும் அழிந்தால் அரத்தை அதிகம் தூக்கிவிட்டீர்கள், பின்பக்கம் மட்டும் அழிந்தால் படுக்கவைத்துவிட்டீர்கள்.

கூர் ஏறியதும் தட்டை முகத்தின் விளிம்பில் விரல்நகத்துக்குத் தட்டுப்படும் ஒரு பிசிறு எழும்பியிருக்கும். சாணைக்கல்லில் தட்டை முகத்தை அப்படியே படுக்கவைத்து ஒரு இழுப்பு, பிசிறு போய்விடும். தட்டை முகத்துக்கு அதற்குமேல் வேலையில்லை. அந்தப் பக்கமும் சாய்வு வைத்துவிட்டால் பிளேடுக்கும் கொக்கிக்கும் நடுவே சந்து விழும், பிறகு எத்தனை முடுக்கினாலும் வெட்டாது. தெருவில் கத்தி சாணை பிடிக்க வருகிறவரிடம் கொடுத்தால் வழக்கப்படி இரண்டு பக்கமும் சக்கரத்தில் வைத்துவிடுவார். சூடேறி எஃகின் பதமும் போய்விடும். கத்தியை அவரிடம் கொடுங்கள், கத்தரியை நீங்களே பிடியுங்கள்.

மாட்டும்போது நட்டின் முடுக்கம் இப்படி இருக்கட்டும்: ஸ்பிரிங் இல்லாமல் கத்தரியைத் திறந்து ஒரு பிடியை விட்டால், அது தன் கனத்தில் மெதுவாக இறங்க வேண்டும். தொப்பென்று விழுந்தால் தளர்வு, நடுவில் நின்றால் இறுக்கம்.

பிளேடில் பெரிய பல் விழுந்துவிட்டது, அரத்துக்கு அடங்கவில்லை என்றால் புது பிளேடு வாங்கிப் போடுங்கள், கொக்கியின் விளிம்பு உருண்டு போயிருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். பிளேடு ஆர்டர் போடும்போதே இரண்டு ஸ்பிரிங்கும் சேர்த்துப் போட்டுவிடுவது நல்லது, கூரியர் செலவு ஒன்றுதான்.

இன்னொன்று. பக்கத்து வீட்டிலிருந்து ஆச்சி, "அந்தக் கத்தரியைச் செத்த குடு, கொடி கம்பியை வெட்டணும்" என்று கேட்கத்தான் செய்வார்கள். மாட்டேன் என்று சொல்ல முடியாது. அதற்கென்று ரிவெட் அடித்த மலிவுக் கத்தரி ஒன்றைத் திண்ணை மாடத்தில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.